ரீஹா என்றால் மணம்

இந்த நாட்டில் காருக்கும் சாம்பிராணி பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுமுன், கரித்துண்டில் ஊதுகட்டைச் சீவலைப் போட்டு, அந்தத் தட்டைக் காரின் நடுவில் வைத்து, நாலு கண்ணாடியையும் மூடிவிட்டு, புகை உள்ளே சுற்றுவதை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பகூர் என்று அதற்குப் பெயர். பத்து வருடத்துக்கு முன் கத்தாருக்கு வந்து முதல் தடவை அதைக் கண்டபோது, கார் பற்றி எரிகிறது என்று நான் வாளித் தண்ணீரோடு ஓடினேன். நான் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கும். எங்கள் ஊரில் குளித்த பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணி பிடிப்போம், இறந்தவரின் மையித்து எடுத்த வீட்டுக்குப் பிடிப்போம். வாகனத்துக்குப் பிடித்து நான் கண்டதில்லை. எங்கள் வாகனங்களில் இருந்த மணத்துக்கு ஒரு மூட்டை சாம்பிராணியும் போதாது.

என் ஊர் பள்ளிவாசல்துறை. பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பி, உப்பளங்களைக் கடந்து போனால், கடல்நீர் ஏறி வற்றும் களப்பின் ஓரமாக வரும். இங்கே வருமுன் பன்னிரண்டு வருடம் வாடிகளில் கருவாடு ஏற்றும் சின்ன லொறி ஓட்டினேன். மீன் காயப் போடுகிற கொட்டில்களைத்தான் நாங்கள் வாடி என்போம். அந்த லொறியில் எனக்கு மூக்குத்தான் மீட்டர். வேறு மீட்டர் ஒன்றும் வேலை செய்யவில்லை. சீனிப்பாணிபோல இனித்த மணம் வந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் எங்கோ ஒழுகுகிறது. றபர் கருகினால் பெல்ட். கூழ் முட்டை மணம் வந்தால் பற்றரி கொதிக்கிறது. பெற்றோல் மணம் வந்தால் பீடி பற்றவைத்திருப்பவனை முதலில் இறக்கிவிட வேண்டும். ஆனால் பாலாவி தாண்டியதும் ஒரு மணம் வரும். நீர் வற்றும் நேரம் களப்புச் சேறு வெயிலில் வேகிற மணம். அது வந்தால் லொறியை நிறுத்திப் பார்க்கத் தேவையில்லை. வீடு கிட்டிவிட்டது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

நான் டிரைவராக வேலை செய்கிற வீட்டில் மேடமும் அவருடைய மூன்று பிள்ளைகளும் அவருடைய தாயும் இருக்கிறார்கள். தாயைப் பிள்ளைகள் யும்மா என்று கூப்பிடுவதால் நானும் யும்மா என்றே கூப்பிடுகிறேன். யும்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றிக் கண் பார்வை போய்விட்டது, காலில் தொட்டாலும் உணர்ச்சி இல்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் இரத்தம் சுத்தம் செய்ய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பின் இருக்கையில் ஏறுவது கஷ்டம் என்று முன்னால், எனக்குப் பக்கத்தில் ஏற்றி வைப்பேன். போகும் வழியெல்லாம் அல்லாஹ்வின் பேரைச் சொல்லி விரலால் திக்ரு எண்ணிக்கொண்டு வருவார். பாதுகாக்கச் சொல்லி இந்த நாட்டில் என்னிடம் ஒப்படைத்த மிகப் பெரிய அமானிதம் அந்த மனுசி என்றுதான் நினைக்கிறேன்.

போன வருடம் வெயில் தொடங்குமுன் ஒரு பெரும் புழுதிக் காற்று அடித்தது. இரண்டு நாள் வானமே மஞ்சள். அது ஓய்ந்து, புழுக்கம் தொடங்கி, ஏசியை உச்சத்தில் வைக்கிற காலம் வந்தது. அப்போது ஒருநாள் மேடம் பின்னால் ஏறி இருந்துகொண்டு, "ஸெய்யாரா ஃபீஹா ரீஹா" என்றார். ஸெய்யாரா என்றால் கார் என்று தெரியும். ரீஹா என்றதும் எனக்கு நாங்கள் ஓதுகிற வசனத்தில் வருகிற ரைஹான்தான் ஞாபகம் வந்தது. ரைஹான் என்றால் சொர்க்கத்து நறுமணம் என்று மத்ரஸாவில் லெப்பை சொல்லித் தந்திருக்கிறார். காரில் நான் பூசியிருந்த அத்தரைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன். "அல்ஹம்துலில்லாஹ், மேடம்!" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். கண்ணாடியில் மேடத்தின் முகம் ஒருமாதிரிப் போனதைக் கண்டேன். அடுத்த நாள் இரண்டு சொட்டு அத்தர் கூடப் பூசினேன். அடுத்த முறையும் "ரீஹா" என்றார், இந்தத் தடவை கொஞ்சம் உரத்து. நான் இன்னும் சந்தோசப்பட்டு, பகூர்த் தட்டையும் வாங்கி வைத்து நன்றாகப் புகை பிடித்தேன். மார்க்கம் படிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்ட அரபு என்னை இப்படி ஏமாற்றும் என்று நான் நினைக்கவில்லை.

யும்மாவும் அந்த நாட்களில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும், தலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பஹர்" என்பார். பஹர் என்றால் கடல். கடல் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மேடம் எடுத்துக்கொண்டார். ஆசுப்பத்திரியால் வரும்போது கடற்கரைப் பாதையால் சுற்றி வரச் சொன்னார். கண் தெரியாத மனுசியைக் கடல் பக்கம் திருப்பி இருத்திவிட்டு நானும் மேடமும் பக்கத்தில் நிற்போம். யும்மா மூக்கிலிருந்து துணியை எடுத்துவிட்டுத் திக்ரு எண்ணுவார். திரும்பக் கதவைச் சாத்தினால், மறுபடியும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பஹர்".

இப்படி இரண்டு வாரம் போய், மூன்றாம் கிழமை யும்மா காருக்குள் சத்தி எடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் மேடம் அரபை விட்டுவிட்டு, எனக்கு விளங்கும் என்று நினைத்த இங்கிலீசில் கதைத்தார். என்னை நோக்கி விரலை நீட்டி, "யூ. ஃபிஷ்?" என்றார். நான் முழித்தேன். தன் மூக்கைப் பிடித்துக் காட்டி, காரைக் காட்டி, என் அறையைக் காட்டி, "ஸ்மெல்! யூ ஈட் ஃபிஷ், யூ சிட் கார்!" என்றார். வியாழக்கிழமைக்குள் மணம் போகாவிட்டால் ஏஜென்சிக்குச் சொல்லி வேறு டிரைவர் எடுப்பதாகவும் சொன்னார். அதுவும் விளங்கியது. என் அறையில் கட்டா மீன் கருவாடு ஒரு பார்சல் இருந்தது உண்மை. மனைவி தந்துவிட்டது. ஆனால் அறைக் கதவைத் தாண்டி அதை நான் கொண்டு வந்ததில்லை, காருக்குள் வைத்துத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதைச் சொல்ல என்னிடம் இருந்தது "நோ மேடம்" என்ற இரண்டு சொல் மட்டும்தான்.

வேலை போவது ஒரு பக்கம். அதைவிட என்னை உடைத்தது வேறொன்று. நான் என் கையை முகர்ந்து பார்க்கத் தொடங்கினேன். சட்டைக் கழுத்தை, தலையணையை, தொப்பியை. பன்னிரண்டு வருடம் கருவாட்டோடு புழங்கிய உடம்பு, ஒன்பது வருடத்தில் போகாமல் உள்ளுக்கே ஊறிக் கிடக்கிறதா என்று பயந்தேன். தன் மணம் தனக்குத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. வெங்காயம், உள்ளிப்பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வந்து பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எப்போதும் முதல் சஃப்பில், இமாமுக்குப் பின்னால் இடம் பிடிக்கிற நான், கடைசி வரிசைக்குப் போனேன். பிறகு கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நண்பகல் லுஹரை அறைக்குள்ளேயே தொழுதேன். கருவாட்டை எடுத்து மூன்று பைகளுக்குள் சுற்றி, தெருவின் மற்ற முனையில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு திருடனைப்போல அக்கம்பக்கம் பார்த்துப் போட்டேன். உணவை எறிந்த பாவத்துக்குப் பிழை பொறுக்கக் கேட்டு இஸ்திக்ஃபார் செய்துகொண்டே திரும்பி வந்தேன்.

அன்று மனைவி கோல் எடுத்தபோது கேட்டா.

"கருவாடு முடிஞ்சிட்டா? தம்பிட கூட்டாளி ஒத்தர் வாராராம், இன்னொரு பார்சல் தந்து வுடவா?"

"வேணாம்."

"ஏன், மணக்குதாமா?" என்று சிரித்தா. "ஒங்களுக்கு இப்ப அரபுக்காரங்கட மூக்கு மொளச்சிட்டு."

நான் சிரிக்கவில்லை என்றதும் விளங்கிக்கொண்டா. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரிசையையும் சொன்னேன். கோபமாக வந்தது பதில்.

"நீங்க மணக்கமாட்டீங்க. நிக்காஹ் முடிச்சி இருவத்திரண்டு வருசம், எனக்குத் தெரியாததா அந்தப் பொம்பளைக்குத் தெரியும்? காருக்குள்ளதான் என்னமோ செத்துக் கெடக்குது. சும்மா ஒங்களையே மோந்துக்கிட்டு இரிக்காம, அதப் போய்ப் பாருங்க."

அந்த ஏச்சு என்னை எழுப்பிவிட்டது. புதன்கிழமை காலை யும்மாவை ஆசுப்பத்திரியில் விட்டுவிட்டு, கராஜ்கள் நிறைந்த சனாயாப் பக்கம் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் தமிழர், இந்தியாவில் இராமநாதபுரம் பக்கத்தவர்.

"என்ன பாய், வண்டிக்கு என்ன?"

"உள்ளுக்கு மணக்குது."

கதவைத் திறந்து தலையை விட்டவர் சிரித்தார். "அத்தர், சாம்பிராணி, பன்னீரு... கல்யாண மண்டபம் மாதிரில்ல மணக்குது. மணந்தா நல்லதுதானே பாய்? அதுக்கு எதுக்கு மெக்கானிக்கு?"

"இல்ல, கூடாத மணம்."

"அப்ப நாறுதுன்னு சொல்லுங்க!"

எங்கள் பக்கம் மணம் என்பது எல்லாவற்றுக்கும் பொது. பூவும் மணக்கும், பழைய மீனும் மணக்கும். எந்த மணம் என்பது சொல்கிறவரின் முகத்தில் தெரியும். நாறுது என்பது சண்டையில் வருகிற சொல், ஒரு வீட்டைப் பற்றியோ ஆளைப் பற்றியோ அப்படிச் சொல்லமாட்டோம். நான் இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. "இந்த அரபிகள் ரீஹா என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"அதுவும் ஒங்க மணம் மாதிரிதான் பாய். நல்லதுக்கும் அதான், கெட்டதுக்கும் அதான். ஆனா கார்ல ரீஹான்னு சொன்னாங்கன்னா நாறுதுன்னு அர்த்தம்."

மூன்று கிழமையாக மேடம் நாறுகிறது நாறுகிறது என்று சொல்ல, நான் நெஞ்சில் கைவைத்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்கிறேன். உலகத்தில் வேறு எவனுக்கு விளங்காவிட்டாலும் மணத்தை இப்படிப் புழங்குகிற எங்களூர்க்காரனுக்கு அது விளங்கியிருக்க வேண்டாமா? மெக்கானிக் ஏசியின் பில்டரை உருவிக் காட்டினார். காய்ந்த கடதாசிபோல இருக்க வேண்டியது நனைந்து கறுத்திருந்தது. நான் பிடித்த பகூர்ப் புகை அதில் பிசினாக ஒட்டியிருந்தது. "தண்ணி எங்கயோ நிக்குது பாய். நீங்க ஊத்தினதெல்லாம் அது மேலதான் நிக்குது. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். யும்மாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விடுவதற்கு வழியில்லை. திரும்பினேன்.

யும்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, காரை வாசலில் நிறுத்தி, கலிமாவைச் சொல்லிக்கொண்டு, லொறிக்காரனாகப் பார்க்கத் தொடங்கினேன். எல்லாக் கண்ணாடியையும் மூடி வெயிலில் விட்டேன். மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து, ஒவ்வொரு கதவாகக் கொஞ்சம் திறந்து, மூக்கை மட்டும் விட்டு, சாத்தினேன். பின் கதவுகளில் அத்தர். டிக்கியில் ஒன்றுமில்லை. என் பக்கக் கதவில் கொஞ்சம். யும்மா இருக்கும் பக்கக் கதவைத் திறந்தபோது மண்டையில் அடித்தது. குனிந்து, அவர் கால் வைக்கிற றபர் விரிப்பைத் தூக்கினேன். கீழே காபட். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல்களுக்கிடையில் தண்ணீர் ஏறி வந்தது. முகர்ந்து பார்த்தேன். இனிப்பு இல்லை, ஆகவே ரேடியேட்டர்த் தண்ணீர் இல்லை. வெறும் தண்ணீர், நாள்பட்ட தண்ணீர். கால் உணர்ச்சியில்லாத மனுசி மூன்று கிழமையாக அதன்மேல் செருப்பை வைத்து வந்திருக்கிறார்.

அப்போதுதான் பூனை ஞாபகம் வந்தது. இந்த வெயில் நாட்டில் தெருப் பூனைகள் கார்களுக்குக் கீழேதான் தண்ணீர் குடிக்கும். ஏசி ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கீழே விழுமே, அந்தத் தண்ணீர். எங்கள் காருக்குக் கீழும் ஒரு காதறுந்த பூனை படுத்துக் கிடக்கும். கொஞ்ச நாளாக அது அடுத்த வீட்டுக் காருக்குக் கீழே மாறியிருந்தது. நான் கண்டும், ஏன் என்று யோசிக்கவில்லை. எங்கள் கார் சொட்டவே இல்லை. வெளியே விழ வேண்டிய தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

உயரமான வண்டி என்பதால் பாயை விரித்துக் கீழே புகுந்தேன். யும்மாவின் பக்கம், என்ஜினுக்குப் பின்னால், ஏசித் தண்ணீரை வெளியே விடுகிற றபர்க் குழாய் ஒரு விரல் தடிப்பில் தொங்கியது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, அதன் முனையைக் கொழுவிபோல மடித்து, மெல்ல உள்ளே விட்டுச் சுழற்றினேன். புழுதிக் காற்றில் போன மண்ணெல்லாம் அங்கே இறுகிக் கிடந்தது. இரண்டாம் சுற்றில் அது விட்டது. கறுத்த சேறும் அதன் பின்னால் தண்ணீரும் என் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றின.

அந்த மணம். நீர் வற்றிய களப்பு, கண்டல் வேரடிச் சேறு, வெயில். பாலாவிச் சந்தியைத் தாண்டிய லொறிக்குள் நான் இருந்தேன். எழும்ப வேண்டும் என்று தெரிந்தும் எழும்பவில்லை. அங்கே மல்லாந்து கிடக்கும்போதுதான் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இந்த மணத்தை நான் முதலே அறிந்திருந்தேன். புழுக்கம் தொடங்கிய முதல் கிழமையே, விடியற்காலை சுபஹுக்குப் பிறகு கார்க் கதவைத் திறந்தபோது, மெல்லிசாக ஒரு தடவை வந்தது. சுபஹானல்லாஹ் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஊர் ஞாபகம் மூக்கில் வந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படி இருந்தேன். நான் படித்த மணங்களில் களப்பு மணம் மட்டும் வாகனத்தின் குறை அல்ல, அது வெளியிலிருந்து வருவது. உள்ளிருந்து வரும் என்று நான் தேடவில்லை. தேடினால் போய்விடும் என்று உள்ளூரப் பயந்தேனோ தெரியாது, அல்லாஹ்தான் அறிவான். அந்த அமானிதமான மனுசியின் காலடியில் ஊறியது என் ஆசைதான்.

கீழிருந்து நான் ஊர்ந்து வெளியே வந்தபோது மேடம் நின்றுகொண்டிருந்தார். வாசலில் சக்கரம் வைத்த தள்ளுகதிரையில் யும்மா. என் சட்டையில் வழிந்த கறுப்பைப் பார்த்து மேடம் மூக்கைச் சுளித்து, "ஷூ ஹாதா ரீஹா?" என்றார். இது என்ன மணம் என்கிறார். இந்தத் தடவை எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் பிழையாகப் பதில் சொன்னேன். மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "ரீஹத் பைத்தீ, மேடம்." என் வீட்டு மணம்.

மேடத்தின் முகம் இறுகியது. தலையை மெல்ல ஆட்டினார். கடைசியில் ஒத்துக்கொண்டாயே என்பதுபோல இருந்தது அது. என் வீட்டுக் கருவாட்டு மணம் என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். போனைக் கையில் எடுத்தார். என் ஒன்பது வருடமும் அந்தப் போனுக்குள் இருந்தது.

அப்போது வாசலிலிருந்து யும்மாவின் குரல் வந்தது. "பஹர்." பிறகு மகளுடன் வேகமாக என்னமோ கதைத்தார். எனக்கு விளங்கியது இரண்டு சொல், பஹரும் மோயாவும். கடலும் தண்ணீரும். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். ஆரம்பத்திலிருந்து அந்தக் கண் தெரியாத மனுசி கடலுக்குப் போகக் கேட்கவில்லை. காருக்குள் கடல் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஓடிப்போய் முன் கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, காபட்டை அழுத்திக் காட்டினேன். மேடம் குனிந்து தன் கையாலேயே அழுத்தினார். விரல்களைப் பார்த்தார். நான் என்ஜினை ஓட விட்டு ஏசியைப் போட்டேன். காருக்கடியில் முதலில் கறுப்பாக, பிறகு தெளிவாக, சொட்டு விழத் தொடங்கியது. மேடம் போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "மா அலைஷ்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். தன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. நான் "மா அலைஷ்" என்று திருப்பிச் சொன்னேன்.

இருக்கையைக் கழற்றி, காபட்டையும் அதற்கடியில் இருந்த பஞ்சையும் எடுத்து, வினாகிரித் தண்ணீரில் கழுவி, மதிலில் மூன்று நாள் காயப் போட்டேன். மீன் காயப் போட்ட கைக்கு அது புது வேலை இல்லை. பில்டரை மாற்றினேன். அத்தர்ப் போத்தலை அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு நேரத்தோடு போய் முதல் சஃப்பில் நின்றேன். அடுத்த தடவை யும்மாவைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, அவர் மூக்கை உயர்த்தி முகர்ந்தார். விரல்கள் திக்ரு எண்ணத் தொடங்கின. காதறுந்த பூனையும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் முதல் கிழமை நான் மணத்தை அறிந்தும் தேடாமல் இருந்ததை மேடத்திடம் இன்றுவரை சொல்லவில்லை. அதைச் சொல்ல என் அரபு போதாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். தமிழில் அந்தக் காரணம் நிற்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னைப்போல இங்கே ஸ்டியரிங் பிடிக்கிற சகோதரர்களுக்கும் சொல்கிறேன். ஊர் மணம் காருக்குள் வந்தால் முதலில் காலடியைப் பாருங்கள்.

இந்த வருடம் லீவில் போனேன். விமான நிலையத்துக்குத் தம்பி தன் வேனைக் கொண்டு வந்திருந்தான். மனைவியும் வந்திருந்தா. பின்னால் இரண்டு மூட்டை கருவாடு, போகும் வழியில் இறக்குவதற்கு. நான் ஏறிக் கொஞ்ச நேரத்தில், என்னை அறியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். தம்பி ஓரக்கண்ணால் பார்த்தான். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"என்ன நானா, மணக்குதா?"

"இல்லடா, காத்து வரட்டும்."

"அரபுக்காரங்கட மூக்குத்தான்" என்றா பின்னாலிருந்து மனைவி. நாங்கள் மூன்று பேரோடு மூட்டைகளும் சேர்ந்து சிரித்தது போலிருந்தது.

சிலாபம் தாண்டி, வெயில் ஏறி, பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினோம். உப்புக் குவியல்கள் வெள்ளையாகக் கடந்து போயின. வலப்பக்கம் களப்பு தெரியத் தொடங்கியது. நீர் வற்றுகிற நேரம். இறக்கிவிட்ட கண்ணாடியால் அந்த மணம் முகத்தில் வந்து நின்றது. நான் கண்ணை மூடினேன்.

"நானா, என்ன தேடுறீங்க கீழ?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் குனிந்திருந்தேன். என் வலது கை என் காலடியில், வேனின் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. விரிப்பு காய்ந்திருந்தது. எங்களூர் மணல் கொஞ்சம் உள்ளங்கையில் ஒட்டியது.

"ஒண்டுமில்ல," என்றேன். "ஈரமா எண்டு பாத்தன்."